பொலிஞியின் கடன் சங்கத்திலிருந்து பெருவங்கி வரை: கிரெடி அக்ரிகோலும் எங்கள் கூட்டுறவுச் சங்கங்களும்

ஆய்வு மாணவி:

பிரான்சில் உறவினர் இல்லாத குடும்பத்தை யாழ்ப்பாணத்தில் காண்பது அரிது. அவ்வுறவினர்களிற் சிலருக்காவது கிரெடி அக்ரிகோல் வங்கியில் கணக்கு இருக்கும். அது ஐரோப்பாவின் மிகப் பெரிய வங்கிகளுள் ஒன்று என்பதை அவர்கள் அறிவார்கள். கமக்காரர்கள் ஊரளவில் அமைத்த கடன் சங்கங்களிலிருந்தே அது எழுந்தது என்பதும், இன்றும் அதன் பெரும்பான்மைப் பங்கு அங்கத்தவர்களின் வங்கிகளிடமே இருக்கிறது என்பதும் அவர்களுட் பலர் அறியாத செய்தி. கூட்டுறவுக் கடன் பற்றிய ஆய்வுக்காக அந்த வரலாற்றைப் படித்து வருகிறேன். எங்கள் மாவட்டத்தின் கூட்டுறவு அனுபவத்தை நேரில் அறிந்தவர்களோடு அதைப் பேச விரும்புகிறேன்.

முதற் சங்கம் 1885இல், சுவிற்சர்லாந்து எல்லையை ஒட்டிய யூரா மலைப்பகுதியில் உள்ள பொலிஞி என்ற சிற்றூரில் தோன்றியது. அது பாற்கட்டி செய்யும் நாடு. ஒரு பெரிய கொம்தே பாற்கட்டிக்கு ஏறத்தாழ 400 லீற்றர் பால் வேண்டும். இரண்டு மூன்று மாடு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தால் அவ்வளவு பாலைத் தனியாகச் சேர்க்க இயலாது. ஆகவே அயலவரின் பாலை ஒன்றாக ஊற்றி, ஒரே கொட்டகையிற் காய்ச்சி, விற்ற பணத்தைப் பாலின் அளவுப்படி பிரித்துக்கொள்ளும் வழக்கம் அங்கே பல நூற்றாண்டுகளாக இருந்து வந்தது. கூட்டாகக் கணக்கு வைத்துப் பழகிய மனிதர்களிடையேதான் கூட்டுக் கடனும் பிறந்தது என்பதை முக்கியமானதாகக் கருதுகிறேன்.

அதற்கு முந்திய ஆண்டு, 1884இல், தொழிற்சங்கங்களைச் சட்டபூர்வமாக்கிய சட்டம் நிறைவேறியிருந்தது. கமக்காரரும் அச்சட்டத்தின் கீழ்ச் சங்கங்கள் அமைத்தனர். உரத்தை மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்வது அவற்றின் முதல் வேலைகளுள் ஒன்று. முன்னர் விவசாய அமைச்சராக இருந்த யூல் மெலினின் முயற்சியால் 1894 நவம்பரில் வந்த சட்டம், அவ்வாறான விவசாயச் சங்க அங்கத்தவர்கள் தமக்கென உள்ளூர்க் கடன் வங்கிகளை அமைக்க இடம் கொடுத்தது. எனினும் அவ்வங்கிகளிடம் பணம் இருக்கவில்லை. 1897இல் பிரான்ஸ் மத்திய வங்கியின் உரிமம் புதுப்பிக்கப்பட்டபோது, அது விவசாயக் கடனுக்காக 40 மில்லியன் பொற்பிராங்கை முற்பணமாகவும், ஆண்டுதோறும் 2 மில்லியன் பிராங்குக்குக் குறையாத தொகையையும் வழங்க வேண்டும் என அரசு நிபந்தனை விதித்தது. அந்தப் பணத்தைப் பகிர்ந்தளிப்பதற்காகவே 1899ஆம் ஆண்டுச் சட்டம் பிராந்திய வங்கிகளை உருவாக்கியது.

என் கேள்வி இதுதான். அங்கும் அரசின் பணமே அடித்தளமாக இருந்தது, இங்கும் அவ்வாறே. அங்கு எழுந்தது ஒரு பெருவங்கி. இங்கு ஏன் அவ்வாறு எழவில்லை?

ஓய்வுபெற்ற கூட்டுறவுப் பரிசோதகர்:

நல்ல கேள்வி, பிள்ளை. முதலில் எங்கள் பக்கத்தின் காலக்கோட்டைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நாங்கள் மிகவும் பிந்தித் தொடங்கியவர்கள் அல்லர். இலங்கையிற் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் 1911இல் வந்தது. 1929இல் யாழ்ப்பாணத்திற் கூட்டுறவு மத்திய வங்கி தொடங்கப்பட்டது. இந்த நாட்டில் அவ்வகையில் அதுவே முதலாவது. அக்காலத்து யாழ்ப்பாணம் ஒரே சமயத்திற் பல துறைகளிற் கூட்டுறவை முயன்று பார்த்தது. புகையிலையைத் திருவிதாங்கூருக்கு அனுப்பி விற்பதற்குக் கூட்டுறவுச் சங்கம் இருந்தது. மூளாயிற் கூட்டுறவு வைத்தியசாலை 1930களில் எழுந்தது. நகரின் நடுவே நிற்கும் வீரசிங்கம் மண்டபம் ஒரு கூட்டுறவாளரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இளையவர்கள் அங்கே நாட்டிய அரங்கேற்றம் பார்க்கப் போகிறார்கள். அந்தப் பெயர் யாருடையது என்று அவர்களுக்கு ஒருமுறை எடுத்துச் சொல்லலாம்.

பிரான்சின் வரலாற்றில் என்னைக் கவர்வது பணம் வந்த வழியைவிடப் பணம் இறங்கிய வழி. அரசு கொடுத்த முற்பணத்தை ஒரு திணைக்களம் நேரே கமக்காரனின் கையிற் கொடுக்கவில்லை. அது பிராந்திய வங்கிக்குப் போனது. பிராந்திய வங்கி உள்ளூர் வங்கியின் பரிந்துரையின் பேரிற் கடன் கொடுத்தது. கடன் கேட்பவனை முகம் பார்த்துத் தீர்மானிப்பவர்கள் அதே ஊரின் கமக்காரர்கள். இவற்றுக்கு மேலே ஒரு மத்திய நிறுவனம் வந்தது 1920இல் மட்டுமே; 1926இல் அது தேசிய விவசாயக் கடன் வங்கி என்ற பெயரைப் பெற்றது. கீழ்ப்படிகள் இரண்டும் கால் நூற்றாண்டு வேலை செய்த பின்னரே மேற்படி கட்டப்பட்டது. எங்கள் நாட்டிற் பல தடவைகள் மேற்படியை முதலிற் கட்டிவிட்டுக் கீழ்ப்படிக்கு ஆட்களைத் தேடினோம். 1957இற்குப் பின்னர் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வேகமாக அமைக்கப்பட்டதையும், 1970களின் தொடக்கத்தில் அவை ஒன்றிணைக்கப்பட்டுப் பெருஞ் சங்கங்களாக்கப்பட்டதையும் நினைத்தே இதைச் சொல்கிறேன். ஊரவர் தம் சங்கத்தை அன்றுவரை பெயர் சொல்லி அழைத்தார்கள். பின்னர் அது தலைமைக் காரியாலயத்தின் கிளையாகியது.

புன்னாலைக்கட்டுவன் தோட்டக்காரன்:

ஐயா, தங்கச்சி, இருவரும் எழுதியதை ஆறுதலாக வாசித்தேன். ஒரு கமக்காரனின் பக்கத்திலிருந்து எனக்குச் சில ஐயங்கள் உண்டு.

எங்கள் பகுதியிற் சின்ன வெங்காயம் நடுகிறவனுக்குப் பணம் தேவைப்படுவது விதை வெங்காயம் வாங்கும் கிழமையில். அதன் பிறகு உரம், மருந்து, இறைப்புக்கு மண்ணெண்ணெய் அல்லது மின்சாரம், களை பிடுங்கும் ஆட்கூலி. அறுவடைக்கு முன்னர் ஒரு சதமும் வராது. அறுவடையின்போது எல்லாருடைய வெங்காயமும் ஒரே நாட்களிற் சுன்னாகம் சந்தைக்கு வருகிறது, விலை விழுகிறது. இந்த இடைவெளியை நாங்கள் நிரப்புவது மனைவியின் தாலிக்கொடியையும் காப்பையும் கொண்டுபோய் ஈடு வைத்துத்தான். முந்திய தலைமுறையினர் காணியை ஒற்றி வைத்தார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் ஒற்றிக்கென ஒரு பகுதியே இருப்பதிலிருந்து, கடன் எங்கள் வாழ்க்கையோடு எவ்வளவு காலமாகப் பிணைந்திருக்கிறது என்பது தெரியும்.

இப்பொழுது என் ஐயம். அந்தப் பிரெஞ்சு வங்கி பெரிதாகியதால் அங்குள்ள கமக்காரனுக்கு என்ன நன்மை வந்தது? இன்று அது வீட்டுக்கடன் கொடுக்கிறது, காப்புறுதி விற்கிறது, பெருங் கம்பனிகளுக்குப் பணம் திரட்டுகிறது. கமக்காரன் கட்டிய வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. எங்களுக்குப் பெரிய வங்கி தேவையா, அல்லது விதை வெங்காயம் வாங்கும் கிழமையில் நகை கேளாமற் பணம் தரும் சிறிய சங்கம் தேவையா?

ஆய்வு மாணவி:

அண்ணா, இந்த ஐயம் பிரான்சிலும் எழுந்தது. அதற்கான பதில் வைப்புக்களில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அங்கே விவசாயம் இயந்திரமயமாகியது. உழவு இயந்திரம், கொட்டகை, நிலம், கிராமத்து மின்சாரம், குடிநீர் என்று பெருமளவு நீண்டகாலக் கடன் தேவைப்பட்டது. அக்கடன்களின் வட்டியிற் பகுதியை அரசு ஏற்றுக்கொண்டது, அவற்றை வழங்கும் உரிமையோ 1990 வரை கிரெடி அக்ரிகோலுக்கே இருந்தது. அதே காலத்தில் ஊருக்கு ஊர் அதன் கிளைகள் திறக்கப்பட்டன. அங்கே கமக்காரரின் பணம் மாத்திரம் சேரவில்லை. தபாற்காரர், ஆசிரியர், கடைக்காரர், ஓய்வூதியர் ஆகியோரின் சேமிப்பும் சேர்ந்தது. 1960களின் நடுப்பகுதி வரை அவ்வைப்பின் மேலதிகம் அரசின் திறைசேரிக்குப் போனது. அதன் பின்னர் வங்கி நிதிச் சுயாதீனம் பெற்று, தான் திரட்டிய பணத்தைத் தானே கடனாக வழங்கத் தொடங்கியது. கமக்காரர் அல்லாத கிராமவாசிகளுக்குக் கடன் கொடுக்க 1959இலும் அதன் பின்னர் 1971இலும் படிப்படியாக அனுமதி விரிந்தது.

இவ்விரிவு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பிரான்சிற் கமக்காரரின் எண்ணிக்கை வேகமாகக் குறைந்து வந்தது; அவர்களுக்கு மாத்திரம் சேவை செய்யும் வங்கி அவர்களோடு சேர்ந்தே சுருங்கியிருக்கும். இரண்டாவது காரணம் உங்கள் தோட்டத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. ஒரே பயிரைச் செய்யும் ஒரே ஊரவர்கள் மட்டும் அங்கத்தவராக இருக்கும் சங்கத்தில் எல்லாருக்கும் ஒரே கிழமையிற் பணம் வேண்டும். மழை பிழைத்தாலோ விலை விழுந்தாலோ எல்லாராலும் ஒரே நேரத்திற் திருப்பிச் செலுத்த முடியாது. வெங்காயக்காரனுக்குக் காசு தேவைப்படும் கிழமையில் ஆசிரியரின் வைப்பு அங்கே கிடக்க வேண்டும். நகை கேளாத சிறிய சங்கம் தொடர்ந்து உயிர்வாழ, அதன் பின்னால் வேறு ஊர்களும் வேறு தொழில்களும் சேர்ந்த ஒரு பெரிய அமைப்பு நிற்க வேண்டியிருக்கிறது.

கணக்காய்வாளர்:

இந்த விவாதத்தின் மையம் உரிமையில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அதனால் அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கிரெடி அக்ரிகோலில் மூன்று படிகள் உண்டு. அடியில் உள்ளூர் வங்கிகள். அவற்றின் பங்குகளை வைத்திருப்பவர்கள் அங்கத்தவர்கள், ஒவ்வொருவருக்கும் எத்தனை பங்கு இருந்தாலும் ஒரே வாக்கு. உள்ளூர் வங்கிகளிடமே பிராந்திய வங்கியின் வாக்குரிமை இருக்கிறது. இன்று பிராந்திய வங்கிகள் 39. மத்திய நிறுவனமோ 1920 முதல் அரசின் சொத்தாக இருந்தது. அதாவது அந்த வங்கியும் நெடுங்காலம் கீழே கூட்டுறவும் மேலே அரசும் கொண்ட கலப்பு உருவமாகவே இருந்தது. 1988 ஜனவரியில் நிறைவேறிய சட்டம் இதை மாற்றியது. அரசு மத்திய நிறுவனத்தைப் பிராந்திய வங்கிகளுக்கே விற்றது. 90 சதவீதப் பங்கைப் பிராந்திய வங்கிகள் வாங்கின, மீதி 10 சதவீதம் ஊழியர்களுக்கு ஒதுக்கப்பட்டது. தொண்ணூறு ஆண்டுகளாக ஊர்ப் பணத்தாலும், பங்கிடாமற் சேர்த்த இலாபமாகிய ஒதுக்கத்தாலும் வலுப்பெற்றிருந்ததால், பிராந்திய வங்கிகளால் அதை விலை கொடுத்து வாங்க முடிந்தது.

எங்கள் நாட்டிற் பயணம் எதிர்த்திசையிற் சென்றது. 1949இல் இலங்கைக் கூட்டுறவு இணைப்பு வங்கி அமைந்தது. அது கூட்டுறவுச் சங்கங்களின் வங்கி. 1961ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மக்கள் வங்கி உருவானபோது, அவ்வங்கியின் வணிகம் மக்கள் வங்கியாற் பொறுப்பேற்கப்பட்டது. கூட்டுறவுச் சங்கங்கள் புதிய வங்கியிற் பங்குதாரர்களாயின. இன்று மக்கள் வங்கியின் ஆண்டறிக்கையைத் திறந்து பங்குடைமைப் பக்கத்தைப் பாருங்கள்: அரசிடம் 92.27 சதவீதம், கூட்டுறவுச் சங்கங்களிடம் 7.73 சதவீதம். காலத்துக்குக் காலம் மூலதனம் கூட்டப்பட்டபோது அரசு பணம் போட்டது, சங்கங்களால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. வாக்குரிமை அந்த வழியில் மேலே போய்விட்டது.

மக்கள் வங்கி இந்த நாட்டுக்குச் செய்த சேவையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அது கிராமங்களுக்கு வங்கியைக் கொண்டு சென்றது. ஆனாற் புன்னாலைக்கட்டுவன் சங்கத்தின் அங்கத்தவர் ஒருவர் தன் வாக்கின் மூலம் அதன் கடன் கொள்கையை மாற்ற முடியுமா என்று கேட்டால், முடியாது.

ஓய்வுபெற்ற கூட்டுறவுப் பரிசோதகர்:

கணக்காய்வாளரின் கணக்கு சரியானது. அதன் விளக்கத்திலே ஒரு திருத்தம் வேண்டும் என்று நினைக்கிறேன். 1961இல் வலுவான கூட்டுறவு இயக்கம் ஒன்றை அரசு பறித்துக்கொண்டது என்ற எண்ணம் இளையவர்களுக்கு வந்துவிடக் கூடாது. அக்காலத்து இணைப்பு வங்கி சிறியது. அதனால் வணிக வங்கிச் சேவையைக் கிராமத்துக்குக் கொண்டுசெல்ல முடியவில்லை. 1964 முதல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களிற் கிராமிய வங்கிகள் திறக்கப்பட்டது மக்கள் வங்கியின் உதவியோடுதான். அப்பிரிவுகள் நகை அடகுக் கடனால் இலாபம் ஈட்டி, நட்டத்தில் ஓடிய கடைகளையும் சேர்த்துத் தாங்கிய சங்கங்களை நான் பரிசோதித்திருக்கிறேன்.

எங்களிடம் இல்லாமற் போனது காலம். பிரான்சின் பிராந்திய வங்கிக்கு 1899 முதல் 1988 வரை ஒதுக்கம் சேர்க்க அவகாசம் கிடைத்தது. எங்கள் வடக்கில் 1970களில், இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்த ஒரு சில ஆண்டுகளே கமக்காரரின் கையில் மேலதிகம் இருந்த காலம். தோட்டக்காரர்கள் கல்வீடு கட்டியதும், உழவு இயந்திரமும் நீர்ப்பம்பியும் வாங்கியதும், பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பியதும் அந்தப் பணத்தில்தான். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. அதன் பின்னர் போர். 1990இலிருந்து வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்கள் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, சங்கங்களின் பேரேடுகளை உரப்பையிற் கட்டித் தென்மராட்சிக்குச் சுமந்து சென்ற எழுதுவினைஞர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டுகளிற் சங்கங்கள் நிவாரண அரிசி பங்கிட்டு மக்களை உயிரோடு வைத்திருந்தன. ஒதுக்கம் சேர்ப்பதற்குரிய காலமாக அது இருக்கவில்லை.

வடமராட்சிப் பொருளாளர்:

நான் ஒரு சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தின் பொருளாளர். எல்லாரும் மேற்படியைப் பற்றி எழுதுகிறீர்கள். அடிப்படியில் நடப்பதைச் சொல்வது என் கடமை.

எங்கள் சங்கத்திற் கடன் விண்ணப்பம் வந்தால் குழுவில் உள்ள ஐந்தாறு பேரும் அந்த வீட்டை அறிவார்கள். மகன் கட்டாரிலிருந்து அனுப்பும் பணம் ஒழுங்காக வருகிறதா, கிணற்று நீர் உவராகிவிட்டதா, முன்னைய கடனை என்ன சிரமத்தோடு கட்டி முடித்தார்கள் என்பவை எந்தப் படிவத்திலும் இல்லை. ஜேர்மனியின் வெஸ்டர்வால்ட் பகுதியில் ஊர்த் தலைவராக இருந்த பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைபைசன் 1864இல் ஹெடெஸ்டோர்ப் என்ற இடத்தில் அமைத்த கடன் சங்கம் இந்த அறிவை நம்பியே நின்றது. ஒரு சங்கம் ஒரு சிறிய எல்லைக்குள் இருக்க வேண்டும். அங்கத்தவர்கள் ஒருவரின் கடனுக்கு மற்றவர் வரையறையின்றிப் பொறுப்பேற்க வேண்டும். நிர்வாகிகள் ஊதியம் பெறக் கூடாது. இலாபத்தைப் பங்கிடாமல் ஒதுக்கத்திற் சேர்க்க வேண்டும். இவை அவர் வகுத்த நெறிகள். எங்கள் சங்கங்களின் உபவிதிகளை எடுத்துப் பார்த்தால் அதே நெறிகளின் சாயல் இன்றும் தெரியும்.

போருக்குப் பின்னர் நுண்கடன் கம்பனிகள் எங்கள் பெண்களிடம் வந்தன. அவையும் குழுப் பிணையைக் கேட்டன, அவையும் கிழமைக்கிழமை கூட்டம் நடத்தின. ஆனால் அறவிட்ட வட்டி ஊரை விட்டு வெளியே போனது. ஒருத்தியின் கடனைக் கட்ட இன்னொரு கம்பனியிற் கடன் எடுத்து, அதைக் கட்ட மூன்றாவது இடத்துக்குப் போன தாய்மார்களை நான் அறிவேன். குழுவின் அறிவை எடுத்துக்கொண்டு குழுவின் உரிமையைக் கொடுக்காத ஏற்பாடு அது. எங்கள் சங்கத்திலும் வட்டி உண்டு. அந்த வட்டி எங்கள் ஒதுக்கத்தில் இருக்கிறது, அடுத்த ஆண்டு வேறொரு பெண்ணுக்குத் தையல் இயந்திரமாகப் போகிறது.

எங்கள் குறைபாடும் தெளிவானது. ஒரு கட்டத்துக்கு மேல் எங்களிடம் பணம் இல்லை. ஒரு இலட்சம் ரூபாய் கேட்பவருக்குக் கொடுக்கலாம்; பத்து இலட்சம் கேட்பவரை வேறிடம் பார்க்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே அவர் போனதும், திருப்பிச் செலுத்தும் திறமுள்ள அங்கத்தவரை நாங்கள் இழக்கிறோம்.

பாரிஸிலிருந்து திரும்பியவர்:

நான் பல ஆண்டுகள் பிரான்சில் வேலை செய்துவிட்டு இப்பொழுது கோப்பாயில் வசிக்கிறேன். அங்கே கிரெடி அக்ரிகோலின் ஓர் உள்ளூர் வங்கியில் அங்கத்தவராக இருந்தேன். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அழைப்பு வரும். கோதுமை விளைவிக்கும் பெரிய கமக்காரரும், வெதுப்பகம் நடத்துபவரும், என்னைப் போன்ற தொழிலாளியும் ஒரே வரிசையில் இருந்து கை உயர்த்துவோம். அதை நான் மதிக்கிறேன். ஆயினும் முழு உண்மையையும் எழுத வேண்டும்.

1988இற்குப் பின்னர் அவ்வங்கி மிக வேகமாகப் பெருத்தது. 1996இல் இந்தோசுவேஸ் வங்கியை வாங்கியது. 2001இல் மத்திய நிறுவனம் பங்குச் சந்தையிற் பட்டியலிடப்பட்டது. 2003இற் கிரெடி லியொனே என்ற மாபெரும் வங்கியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2006இற் கிரேக்கத்தின் எம்போரிகி வங்கியை வாங்கியது. கிரேக்கத்தின் கடன் நெருக்கடியில் அந்த வங்கி மூழ்கியபோது, 2012இல் அதை ஆல்பா வங்கிக்கு ஒரு யூரோவுக்குக் கொடுக்க உடன்பட்டார்கள். ஆம், ஒரேயொரு யூரோ. அந்த ஆண்டு பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் நட்டம் 6.47 பில்லியன் யூரோ. கிரேக்கத்தில் வங்கி வாங்க வேண்டுமா என்று எங்கள் உள்ளூர்க் கூட்டத்தில் எவரும் எங்களைக் கேட்கவில்லை. மூன்று படிகளுக்கூடாக வாக்கு மேலே ஏறும்போது அதன் வலு ஒவ்வொரு படியிலும் குறைகிறது. உரிமை கீழே இருப்பதாகக் கணக்காய்வாளர் எழுதியது சட்டத்தின்படி உண்மை. அன்றாட நடப்பில் அது பாதியளவே உண்மை என்பது என் அனுபவம்.

கணக்காய்வாளர்:

அண்ணா எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன், அதற்கு வலுச்சேர்க்கும் இன்னொரு சான்றையும் தருகிறேன். ஜப்பானின் விவசாயக் கூட்டுறவுகளின் உச்சியில் நிற்பது 1923இல் நிறுவப்பட்ட நொரின்சூகின் வங்கி. அங்குள்ள கிராமங்களில் வைப்பு மிக அதிகம், கமக்காரரின் கடன் தேவை மிகக் குறைவு. மேலதிகப் பணம் முழுவதும் உச்சிக்கு ஏறியது, உச்சியில் இருந்தவர்கள் அதை வெளிநாட்டுக் கடன் முறிகளில் இட்டார்கள். 2022இலிருந்து அமெரிக்காவில் வட்டி வீதம் ஏறியபோது அம்முறிகளின் விலை விழுந்தது. 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அந்த வங்கி ஏறத்தாழ 1.8 திரில்லியன் யென் நட்டத்தை அறிவித்தது. அதை நிரப்ப மூலதனம் கொடுக்க வேண்டியவர்களாக அங்கத்துவக் கூட்டுறவுகளே நின்றன.

தோட்டக்காரரின் முதற் கேள்விக்கு இது மிக நெருங்கிய விடயம். கிராமத்தின் சேமிப்பு கிராமத்திற் கடனாக மாறாமல் மேலே ஏறினால், அது எங்காவது போய் நிற்க வேண்டும். எங்கே நிற்கிறது என்பதை ஊரில் உள்ளவன் காண முடியாது. வளர்ச்சி என்பதை மொத்தச் சொத்தால் அளக்கும் பழக்கம் எங்கள் சங்க அறிக்கைகளிலும் இருக்கிறது. வைப்பு எத்தனை மில்லியன் கூடியது என்று முதற் பக்கத்தில் அச்சிடுகிறார்கள். அந்த வைப்பில் எவ்வளவு அங்கத்தவரின் தொழிலுக்குக் கடனாகப் போனது, எவ்வளவு நிலையான வைப்பாக வேறு வங்கியில் கிடக்கிறது என்பதைக் காண உள்ளே பல பக்கங்கள் புரட்ட வேண்டும்.

ஆய்வு மாணவி:

எம்போரிகியின் பின்னர் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அண்ணா. 2001இற் பட்டியலிடப்பட்டபோது மத்திய நிறுவனம் பிராந்திய வங்கிகளில் ஏறத்தாழ 25 சதவீதப் பங்கை, வாக்குரிமை இல்லாத சான்றிதழ்களாக, வைத்திருந்தது. கீழ்ப்படி மேற்படியின் உரிமையாளர், மேற்படி கீழ்ப்படியிலும் பங்காளி என்ற சிக்கலான வளையம் அது. 2016இற் பிராந்திய வங்கிகள் ஏறத்தாழ 18 பில்லியன் யூரோ கொடுத்து அந்தப் பங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டன. இன்று பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் பாதிக்கு மேற்பட்ட பங்கை அவை கூட்டாக வைத்திருக்கின்றன.

வாக்கின் வலு மேலே போகப் போகக் குறைகிறது என்ற உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. எனினும் 2012இன் நட்டத்தைத் தாங்கிய வலு எங்கிருந்து வந்தது என்பதைப் பாருங்கள். பிராந்திய வங்கிகள் தம் பகுதிகளில் நிதானமாகக் கடன் கொடுத்து, இலாபத்தின் பெரும்பகுதியைப் பங்கிடாமற் சேர்த்து வைத்திருந்தன. அங்கத்தவரின் பங்குக்குக் கொடுக்கும் வட்டிக்குச் சட்டம் எல்லை விதித்திருப்பதால் அந்த ஒதுக்கம் ஆண்டுக்காண்டு ஏறுகிறது. பொருளாளர் அக்கா எழுதிய ரைபைசனின் நெறி அதுவே.

புன்னாலைக்கட்டுவன் தோட்டக்காரன்:

இவ்வளவையும் வாசித்த பின்னர் என் கேள்வி மாறிவிட்டது. பெரிய வங்கியா சிறிய சங்கமா என்று கேட்டிருந்தேன். அக்காவின் சங்கத்தில் அறிவு இருக்கிறது, பணம் இல்லை. எங்கள் ஊர்க் கிராமிய வங்கியில் வைப்பு இருக்கிறது. அதற்கு எங்களைத் தெரியாது, எங்கள் நகையைத்தான் தெரியும். இரண்டையும் இணைக்கும் இடைப்படி எங்களிடம் இல்லை. 1899இல் அவர்கள் கட்டியது அந்த இடைப்படி.

ஆகவே ஒரு யோசனையை முன்வைக்கிறேன், பிழை இருந்தால் ஐயா திருத்த வேண்டும். எங்கள் பிரதேசத்தின் சிக்கன கடனுதவு சங்கங்கள் சில சேர்ந்து, சின்ன வெங்காயத்துக்கு மாத்திரம், ஒரு போகத்துக்கு மாத்திரம், பொதுவான ஒரு கடன் நிதியை அமைக்கலாம். பலநோக்குச் சங்கத்தின் கிராமிய வங்கி அந்நிதிக்கு மொத்தமாகக் கடன் கொடுக்கட்டும். யாருக்கு எவ்வளவு என்பதை ஊர்ச் சங்கம் தீர்மானிக்கட்டும், பொறுப்பையும் அதுவே ஏற்கட்டும். அறுவடையின்போது வெங்காயத்தைக் கட்டித் தூக்கி வைக்கக் கொட்டகை வசதியும் சேர்ந்தால், விலை விழும் கிழமையில் விற்கத் தேவையில்லை. கடன் தவணையையும் அதற்கேற்பத் தள்ளி வைக்க வேண்டும். கொட்டகை இல்லாத கடன் எங்களுக்கு அரைப் பயனே தரும், ஏனெனிற் தவணை வரும் நாளிலேயே நாங்கள் மலிவாக விற்க நேரிடும்.

ஓய்வுபெற்ற கூட்டுறவுப் பரிசோதகர்:

யோசனையிற் பிழை இல்லை, தம்பி. 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ்ச் சங்கங்கள் சேர்ந்து ஒரு சமாசத்தைப் பதிவு செய்யலாம். கூட்டுறவு மாகாண சபைக்குரிய விடயம் என்பதால், அதற்கான கதவு கொழும்பில் இல்லை, இங்கேயே இருக்கிறது. உங்கள் பிரதேசத்துக்குப் பொறுப்பான கூட்டுறவு அபிவிருத்தி உதவி ஆணையாளரிடம் முதலில் உபவிதி வரைவோடு செல்லுங்கள்.

இரண்டு விடயங்களில் அவதானம் வேண்டும். எங்கள் கிராமிய வங்கிகளும் கடனுதவு சங்கங்களும் இலங்கை மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வங்கிகள் அல்ல. ஆகவே அவற்றின் வைப்புக்களுக்கு உரிமம் பெற்ற வங்கிகளின் வைப்புக் காப்புறுதி கிடையாது. ஒரு போகம் முழுவதும் அழிந்தாற் தாங்குவதற்கு உங்கள் ஒதுக்கத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. முதல் மூன்று நான்கு போகங்களுக்கு இலாபத்தில் ஒரு சதமும் பங்கிடுவதில்லை என்று உபவிதியிலேயே எழுதிவிடுங்கள். பின்னர் கூட்டத்தில் எவர் கேட்டாலும் தலைவரால் இளக முடியாது.

மற்றையது, கொட்டகையைக் கடன் நிதியின் கணக்கில் எழுத வேண்டாம். அது விற்பனைச் சங்கத்தின் சொத்தாகத் தனியே நிற்கட்டும். வணிக நட்டமும் கடன் நட்டமும் ஒரே பேரேட்டிற் கலந்ததாற் படுத்துப்போன சங்கங்களைப் பரிசோதித்துக் கையெழுத்திட்டவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

வடமராட்சிப் பொருளாளர்:

உபவிதி வரைவை நான் எழுதித் தருகிறேன், தம்பி. எங்கள் சங்கத்தின் உபவிதியிலிருந்து கடன் குழு, பிணை, ஒதுக்கம் ஆகிய பிரிவுகளை எடுத்து வெங்காயப் போகத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். கடன் குழுவிற் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்ற வாசகத்தைச் சேர்ப்பேன், ஏனெனில் இதுவரை ஈடு வைக்கப்பட்டது அவர்களின் நகை. உங்கள் பகுதியில் எத்தனை சங்கங்கள் சேர ஆயத்தமாக இருக்கின்றன, விதை வெங்காயம் வாங்கும் மாதத்தில் ஒரு பரப்புக்கு உண்மையில் எவ்வளவு பணம் தேவைப்படுகிறது என்ற இரண்டு விவரங்களை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.